நழுவிய ஊர்ப் பெயர்

கணினிப் படிவங்களை வடிவமைக்கும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "மேடம், எத்தனை ஆப்ஷன் வரைக்கும் ரேடியோ பட்டன் போடலாம், எதுக்கு மேல டிராப்டவுன் போடணும்?" ஓர் எண்ணைச் சொன்னால் குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். பணியில் இருந்த காலத்தில் நானும் பயிற்சி வகுப்புகளில் ஏதோ ஓர் எண்ணைச் சொல்லியிருக்கிறேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். அவசரம் இல்லை. எனவே எண்ணுக்குப் பதிலாக ஜவ்வாது மலையில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். அதைக் கேட்டபின் எண்ணை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் வேலூரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். இணையப் படிவங்களின் திரைகளை வடிவமைப்பதும், அவற்றைப் பயன்படுத்துகிறவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் என் வேலை. மலைமேல் ஒரு தொண்டு மருத்துவமனை எங்களிடம் ஒரு செயலி கேட்டது. அவர்களிடம் நோயாளிகளை ஏற்றிவர ஜீப்புகள் இருந்தன. யாராவது போன் செய்தால், அழைப்பை எடுப்பவர் ஊரையும் நோயையும் திரையில் பதிய வேண்டும். 'அனுப்பு' பொத்தானை அழுத்தினால் ஓட்டுநரின் கருவிக்குச் செய்தி போய்விடும். திரையைச் சென்னைக் கிளையில் செய்து முடித்தார்கள். பயிற்சிக்காக என்னை மலைக்கு அனுப்பினார்கள்.

அந்தத் திரை பார்க்க அழகாக இருக்கும். எல்லாக் கேள்விக்கும் டிராப்டவுன். அதாவது சொடுக்கினால் விரிந்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் சுருங்கி ஒற்றை வரியாகிவிடும் பட்டியல். மலையிலுள்ள அத்தனை ஊர்களும் அகர வரிசையில் ஒரே டிராப்டவுனுக்குள் இருந்தன. இடம் மிச்சம். வாடிக்கையாளரிடம் காட்டும்போது 'நீட்டாக இருக்கிறது' என்று பெயர் கிடைக்கும். ஊர்ப் பட்டியல் இவ்வளவு நீளமாக இருக்கிறதே என்று நான் கேட்டேன். "மேடம், அது ஸ்டாண்டர்ட் கண்ட்ரோல். உலகம் பூரா அதான்" என்று சென்னையிலிருந்து பதில் வந்தது. உலகம் முழுக்க இருப்பதை மறுக்க என்னிடம் கைவசம் ஆதாரம் எதுவும் இல்லை.

அழைப்பு எடுக்கும் மேசையில் அமுதா என்ற பெண் இருந்தாள். மலையிலேயே பிறந்தவள், காவலூர்ப் பக்கம். பன்னிரண்டாவது படித்துவிட்டுக் கணினி வகுப்புக்கும் போயிருந்தாள். திரையை விரைவில் பிடித்துக்கொண்டாள். அவளைப் பற்றி மருத்துவமனையை நடத்திய டாக்டருக்கும் நல்ல அபிப்பிராயம்தான்.

அது சாமை அறுவடைக் காலம். பயிற்சி முடிந்து, செயலி நிஜமாகவே ஓடத் தொடங்கிய வாரம். காலையிலிருந்து தூறல். அமுதாவுக்குப் பின்னால் இருந்த மேசையில் என் மடிக்கணினியோடு வேறு வேலையாக உட்கார்ந்திருந்தேன். ஓர் அழைப்பு வந்தது. அமுதா பேசியது என் காதில் அரைகுறையாக விழுந்தது. "இன்னா பாம்புண்ணா? பாத்தீங்களா? ... சரி, காலை அசைக்க வுடாதீங்க. வண்டி வருது." அவள் திரையில் பதிந்து அனுப்பினாள். ஜீப் கிளம்பிய சத்தமும் கேட்டது. எல்லாம் சரியாகவே நடந்ததாகத்தான் எனக்குத் தோன்றியது.

வெகுநேரம் கழித்து வயர்லெஸ்ஸில் ஓட்டுநர் மணி கூப்பிட்டார். மலையில் பல இடங்களில் கைபேசி எடுக்காது என்பதால் வண்டியில் வயர்லெஸ்ஸும் வைத்திருந்தார்கள்.

"அமுதா, இங்க யாரையும் பாம்பு கடிக்கலன்றாங்களே. ஊர் பூரா கேட்டுட்டேன்."

"எங்கண்ணா கீறீங்க?"

"கீழ்நெல்லியூர்."

அமுதா எழுந்தே விட்டாள். "அங்க ஏன் போனீங்க? நான் கீழ்த்தும்பக்காடுதான போட்டேன்!"

அதற்குள் டாக்டரும் அறைக்குள் வந்திருந்தார். நாங்கள் மூவரும் திரையைப் பார்த்தோம். அதில் தெளிவாகக் கீழ்நெல்லியூர் என்றே பதிவாகியிருந்தது. இந்த இரண்டு ஊர்களும் பட்டியலில் அடுத்தடுத்து வரும். ஆனால் மலையில் நெல்லியூர் செங்கம் பார்த்த சரிவில் இருக்கிறது, தும்பக்காடு இந்தப் பக்கம் காவலூரைத் தாண்டி. நடுவில் முழு மலையும் இருக்கிறது.

கூப்பிட்ட எண்ணுக்கு அமுதா திரும்பத் திரும்ப அடித்தாள். 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றே வந்தது. சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறிவந்து பேசிவிட்டு, கடிபட்டவரிடம் திரும்பிப் போயிருப்பார்கள். இன்னொரு ஜீப் ஒரு பிரசவக் கேஸை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. இருந்தது இந்த ஒரே வண்டி.

டாக்டர் கோபக்காரர் இல்லை. ஆனால் பதற்றத்தில் இருந்தார். "சிஸ்டம்ல நெல்லியூர்னுதான் இருக்கு. பொண்ணு அவசரத்துல மாத்திச் சொல்லுது. கொல்லையில அறுத்துட்டு இருந்தவங்களா இருக்கும். மணி, ஊருக்குள்ள கேட்டா தெரியாது, நிலத்துப் பக்கம் போய்ப் பாரு" என்றார்.

அமுதாவுக்கு அழுகை வந்துவிட்டது. "சார், நெல்லியூர்னு அந்தண்ணன் சொல்லவே இல்ல சார். தும்பக்காடுன்னாரு. எங்க மாமியார் வூட்டுக்கு அந்த ஊர் மேலதான் போவணும். எனக்குத் தெரியாதா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். செயலியைக் கொண்டுவந்தவள் நான். திரை பொய் சொல்லுமா என்பதுதான் அந்தப் பார்வையின் பொருள்.

இந்த இடத்தை நீங்கள் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். அந்த நிமிடத்தில் எனக்குக் காரணம் எதுவும் தெரியாது. ஒரு பக்கம் கணினியின் பதிவு. மறுபக்கம் ஒரு பெண்ணின் நினைவு. நம் படிப்பும் பழக்கமும் பதிவைத்தான் நம்பச் சொல்லும். நான் தவறாகச் சொன்னால், நெல்லியூர் நிலத்தில் கிடக்கும் ஒருவரிடமிருந்து வண்டியைப் பிடுங்கி மலையின் மறுபக்கம் அனுப்பியவள் ஆவேன். யோசித்ததில் எனக்கு ஒன்றுதான் தட்டுப்பட்டது. போனில் பேசியவரின் குரலைக் கேட்டது அமுதா மட்டும். திரைக்குத் தெரிந்ததெல்லாம் அமுதா வழியாகப் போனதுதான். அந்த வழியில் ஏதோ கெட்டிருந்தால், கெட்டது திரையில் இருக்கும், அவள் காதில் இருக்காது. அவள் சொன்ன 'எங்க மாமியார் வூட்டுக்கு' என்ற வார்த்தையும் ஒரு காரணம். அவசரத்தில் கற்பனை செய்கிறவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

"டாக்டர், வண்டியைத் திருப்பிடுங்க. அமுதா சொல்ற ஊருக்கு" என்றேன்.

"நிச்சயமா சொல்றீங்களா?"

"திரையைப் பத்தி எனக்கு நிச்சயம் இல்லை. அமுதாவைப் பத்தி இருக்கு."

அவர் ஒரு கணம்தான் தயங்கினார். வயர்லெஸ்ஸை எடுத்து, "மணி, தும்பக்காடு. எவ்ளோ வேகமா முடியுமோ போ" என்றார். நெல்லியூர்ப் பக்கமும் ஆள் விட்டுப் பார்க்கும்படி அந்த ஊர்க் கடைக்காரரிடம் மணி சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வண்டி திரும்பிய பிறகுதான் நான் அமுதாவின் நாற்காலி அருகே போனேன். "இப்போ ஒரு அழைப்பு வந்ததுன்னு வெச்சிக்கோ. அப்ப எப்படிச் செஞ்சியோ அப்படியே செஞ்சு காட்டு. எதையும் யோசிக்காத" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பட்டியலை விரித்தாள். கீழ்த்தும்பக்காட்டைச் சொடுக்கினாள். பட்டியல் சுருங்கி அந்தப் பெயர் நின்றது. 'அனுப்பு' பொத்தான் திரைக்குக் கீழே மறைந்திருந்ததால், பக்கத்தைக் கீழே இறக்க மவுஸின் சக்கரத்தை விரலால் உருட்டினாள். பக்கம் இறங்கவில்லை. பெட்டிக்குள் இருந்த பெயர்தான் அடுத்த ஊருக்கு நகர்ந்தது. அவள் பார்வை பொத்தானைத் தேடிக் கீழே போயிருந்தது. பெயர் மாறியதை அவள் பார்க்கவில்லை. பக்கம் நகராததால் மவுஸை வெளியே இழுத்து மறுபடி உருட்டினாள். இப்போது பக்கம் இறங்கியது. பொத்தான் வந்தது.

சில இணைய உலாவிகளில் டிராப்டவுன் இப்படித்தான் நடந்துகொள்ளும். தேர்ந்தெடுத்த பிறகும் கணினியின் கவனம் அந்தப் பெட்டியிலேயே நிற்கும். சக்கரத்தை உருட்டினால் பக்கத்துக்குப் பதில் தேர்வு நகரும். சென்னையில் எல்லோரும் பெரிய திரையுள்ள மடிக்கணினியில் விரலால் தடவிச் சோதித்திருந்தார்கள். அங்கே பொத்தான் மறையவும் இல்லை, சக்கரமும் இல்லை. இந்த மேசையில் இருந்தது தானமாக வந்த பழைய கணினி.

டாக்டர் என் தோளுக்கு மேலாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை செய்யும்மா" என்றார். செய்தாள். இம்முறை பெயர் இரண்டு ஊர் தள்ளிப் போனது. அவர் வெளியே போய்விட்டார்.

கடிபட்டவர் காளியம்மா என்ற பெண். கண்ணாடி விரியன். சாமைக் கதிர் அறுக்கும்போது காலில் போட்டிருக்கிறது. மணி போய்ச் சேர்ந்தபோது கால் வீங்கி, ஈறில் ரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. மருந்து ஏற்றி, வேலூருக்குக் கொண்டு போனார்கள். உயிர் தப்பினார். ஆனால் சிறுநீரகம் பாதித்துப் பல வாரம் மருத்துவமனையில் கிடந்தார். முன்பே போயிருந்தால் அந்தப் பாதிப்பு வந்திருக்காதா என்று நான் டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாது. குறைஞ்சிருக்கலாம்" என்றார். என்னிடம் அவர் எதையும் மழுப்பவில்லை.

அன்று பிற்பகலே நான் இன்னொரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. சென்னை மேலாளருக்குப் போன் செய்து, ஊர்ப் பட்டியல் சரியாகும்வரை செயலியை நிறுத்தி வைக்கிறேன், பழையபடி போனிலும் வயர்லெஸ்ஸிலும் வண்டி அனுப்பட்டும் என்றேன்.

"ஓடத் தொடங்கின வாரத்துலயே நிறுத்தினா நம்ம பேர் என்ன ஆகும்? மவுஸை ஜாக்கிரதையா உருட்டச் சொல்லுங்க. ஒரு சுற்றறிக்கை போட்டா போதும்" என்றார்.

"பாம்பு கடிச்சுதுன்னு ஒருத்தர் போன்ல அழும்போது யாரும் மவுஸை ஜாக்கிரதையா உருட்ட மாட்டாங்க சார்."

"உங்களுக்கு நிறுத்த அதிகாரம் இல்லை."

"டாக்டருக்கு இருக்கு. நான் அவர்கிட்ட பேசிட்டேன்."

அவர் போனை வைத்துவிட்டார். செயலி நின்றது. மறுவாரம் நிறுவனத்திலிருந்து சம்பவ அறிக்கை வந்தது. காரணம் என்ற இடத்தில் 'பயனர் பிழை' என்று போட்டு, கையொப்பத்துக்கு என்னிடம் அனுப்பியிருந்தார்கள். நான் அதை அடித்து 'வடிவமைப்புப் பிழை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதனால் திருத்த வேலையை இலவசமாகச் செய்ய வேண்டிவந்தது. மேலாளர் அதற்குப் பிறகு என்னிடம் வேலையைத் தவிர வேறொன்றும் பேசியதில்லை. சம்பள உயர்வு நேரத்தில் அதன் பலனும் தெரிந்தது. இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த இரண்டு வார்த்தைக்கு விலை உண்டு என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்.

புதிய திரையை நான் மலையிலேயே, அமுதாவின் மேசையிலேயே உட்கார்ந்து செய்தேன். முதல் யோசனை எனக்கே சரிவரவில்லை. தட்டச்சு செய்யச் செய்யப் பொருந்தும் ஊர்களைக் காட்டும் பெட்டி வைத்தேன். நீளமான பட்டியலுக்கு அதுதான் நல்லது என்று எல்லா வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். சோதித்துப் பார்த்தால், அமுதா ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் ஒரு மாதிரி அடிக்கிறாள். இரவுப் பணிக்கு மலையடிவாரத்திலிருந்து வரும் சந்தவாசல் பெண் வேறு மாதிரி அடிக்கிறாள். எழுத்தைத் தேடும் கவனத்தில் போனில் சொல்வதைத் தவறவிடுகிறார்கள். அதைக் கைவிட்டேன்.

மலை ஊர்கள் எல்லாம் 'நாடு' என்று சொல்லும் தொகுதிகளாகப் பிரிந்திருக்கின்றன. எந்த நாடு என்று கேட்டால் மலைக்காரர் யாரும் உடனே சொல்லிவிடுவார்கள். எனவே முதலில் நாடுகளை ரேடியோ பட்டன்களாக, அதாவது ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் வட்டங்களாக, ஒன்றும் ஒளியாமல், திரையில் விரித்துப் போட்டேன். ஒன்றைத் தொட்டதும் அந்த நாட்டின் ஊர்கள் மட்டும் பக்கத்தில் பொத்தான்களாகத் தெரியும். உருட்ட எதுவும் இல்லை. நாடு தெரியாமல் வெளியூர்க்காரர் யாராவது கூப்பிட்டால் 'தெரியவில்லை' என்றும் ஒரு பொத்தான். அது எல்லா ஊரையும் காட்டும்.

ஊர்களை எந்த வரிசையில் அடுக்குவது என்பதில் ஒரு சண்டையே நடந்தது. சாலையில் வரும் வரிசைதான் வேண்டும் என்றாள் அமுதா. "எனக்கு இன்னா ரோடு தெரியும்? நான் அகர வரிசையிலதான் தேடுவேன்" என்றாள் சந்தவாசல் பெண். இரண்டுமே நியாயம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை நினைத்து அகர வரிசையையே வைத்தேன். அமுதாவுக்கு அதில் வருத்தம்தான். எல்லோருக்கும் பிடித்த திரை என்று ஒன்றை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

பாம்புக்கடி, பிரசவம், விபத்து என்ற கேள்விக்கும் ரேடியோ பட்டன்கள்தான். அதில் முதல் பட்டனை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்தால் ஒரு சொடுக்கு மிச்சம் என்று சென்னையில் ஒருவர் சொன்னார். மறுத்துவிட்டேன். தானாக நிரம்பிய பதிலும் ஒருவர் கேட்டுப் பதிந்த பதிலும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். அறிகுறிகள் ஒன்றுக்கு மேல் இருக்கலாம் என்பதால் அவற்றுக்கு, பலவற்றைக் குறிக்கக்கூடிய செக்பாக்ஸ். கடைசியாக, 'அனுப்பு' என்று மட்டும் இருந்த பொத்தானில் ஊரின் பெயரையும் சேர்த்தேன். அழுத்தும் விரலுக்கு நேர் கீழே 'கீழ்த்தும்பக்காட்டுக்கு வண்டி அனுப்பு' என்று இருக்கும். டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இது பழசு மாதிரி அழகா இல்லையே" என்றார். இல்லைதான்.

வேலை முடிந்தது என்று நான் ஊருக்குக் கிளம்பத் தயாரானபோது அமுதா வந்து நின்றாள். வேலையை விடப் போகிறேன் என்றாள்.

"ஏம்மா?"

"தும்பக்காட்டுல எல்லாம் பேசிக்கிறாங்கக்கா. அமுதாதான் வண்டிய வேற பக்கம் அனுப்பிட்டான்னு. மாமியார் வூட்டுக்கு அந்த ஊர் வழியாத்தான் போவணும். போன வாரம் போனேன். தெரிஞ்சவங்க யாரும் முகம் குடுக்கல. இப்ப அந்த ஊருக்குள்ள போவாம, நான் சுத்தி மலையேறி நடந்தே போய்ட்டு வர்றேன்."

அறிக்கையில் 'வடிவமைப்புப் பிழை' என்று எழுதியது எனக்கும் நிறுவனத்துக்கும்தான் தெரியும். கீழ்த்தும்பக்காட்டில் யார் அதைப் படிக்கப் போகிறார்கள்? காளியம்மா வீடு திரும்பியிருந்தார். அவரையும் வீட்டாரையும் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நிறுவனம் அனுமதிக்காது. நஷ்டஈடு கேட்டால் என்ன செய்வது என்பார்கள். அது நியாயமான பயம்தான். கேட்டால் கேட்கட்டும் என்று, யாரிடமும் கேட்காமலேயே மறுநாள் காலை கிளம்பினேன். அமுதாவையும் கூட்டிக்கொண்டேன். மணிதான் வண்டி ஓட்டினார்.

காளியம்மா மெலிந்து போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் கணவர் அண்ணாமலை புளி உடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து பாய் போட்டார். அமுதா உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே, ஜீப்பை ஒட்டி நின்றுகொண்டாள். நான் கூப்பிட்டும் வரவில்லை.

நான் யார் என்று சொன்னேன். அன்று வண்டி வழி மாறியது அமுதாவின் தவறு இல்லை, எங்கள் திரையின் தவறு என்றேன்.

அண்ணாமலை நம்பவில்லை. "படிச்சவங்க நீங்க சொல்றீங்க. நான் தும்பக்காடுன்னு வாய் வலிக்கச் சொன்னேன். அந்தப் பொண்ணும் சரின்னுச்சு. அப்புறம் ஊர்ப் பேரு எப்படிங்க தானா மாறும்?"

மடிக்கணினியைத் திறந்தேன். பழைய திரையை அதில் வைத்திருந்தேன். மருத்துவமனையின் மவுஸையும் எடுத்து வந்திருந்தேன். பாயில் வைத்து, அவர் ஊரைத் தேர்ந்தெடுத்தேன். "இதோ, உங்க ஊர். இப்போ இந்தச் சக்கரத்தைக் கீழ உருட்டுங்க" என்றேன்.

புளி ஒட்டிய விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு உருட்டினார். பெயர் மாறியது. கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் மறுபடி அவர் ஊரை வைத்தேன். இந்த முறை மெதுவாக உருட்டினார். அப்போதும் மாறியது. காளியம்மாவும் சுவரை விட்டு நகர்ந்து வந்து திரையைப் பார்த்தார்.

"இப்படி ஓட வுட்டது யாருங்க?" என்றார் அண்ணாமலை.

"நாங்கதான்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் கேட்டுக்கொள்வது என்றும் முடிவு செய்திருந்தேன். ஆனால் பேசியது காளியம்மாதான். அன்றைக்கு அவர் பேசியதே அது ஒன்றுதான். கணவரிடம் சொன்னார்:

"அந்தப் பொண்ணு இன்னும் வெளிலயே நிக்குது பாரு. உள்ள வரச் சொல்லு."